அல்சூர் வீட்டு பேஸ் பெட்டி: 53 ஹெர்ட்ஸிலிருந்து 34 ஹெர்ட்ஸுக்கு

பெங்களூரு அல்சூரில் ஒரு பழைய வீட்டின் முன்னறை. 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, மொசைக் தரை. கேட்பது பெரும்பாலும் எண்பதுகளின் தமிழ்த் திரைப்பாட்டும் நாதஸ்வரக் கச்சேரியும். இரண்டு சிறிய 4 அங்குல ஸ்பீக்கர்கள், அவற்றோடு தாழ் ஒலிக்கான 8 அங்குல ஸ்பீக்கர், அதாவது வூஃபர், போட்ட ஒரு பேஸ் பெட்டி. பெட்டி அறையின் மூலையில் இருந்தது.

வீட்டுக்காரர் சொன்ன புகார் இது: "பேஸ் நெறைய இருக்குங்க. ஆனா எந்தப் பாட்டு போட்டாலும் ஒரே சத்தமா கேக்குது. சில எடத்துல ஜன்னல் அதிருது, சில எடத்துல பேஸ் கிட்டாரே காணாமப் போகுது." தவிலின் தொப்பி அடி 'தொம்' என்று விழுந்து நிற்காமல் 'தொம்ம்ம்' என்று இழுத்தது. வூஃபரை மாற்றிவிடலாம் என்பது அவர் எண்ணம். வூஃபரில் ஒரு குறையும் இல்லை. கோளாறு பெட்டியின் கொள்ளளவிலும், போர்ட் எனும் காற்றுக்குழாயின் டியூனிங்கிலும் (பெட்டிக் காற்றும் குழாயும் சேர்ந்து ஒத்ததிரும் அதிர்வெண்), பெட்டி வைத்த இடத்திலும் இருந்தது.

பழைய பெட்டியில் இருந்தது என்ன

12 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு, உள்ளே குறுக்குத் தாங்கல் எதுவும் இல்லை. நிகரக் கொள்ளளவு 20 லிட்டர். போர்ட் 5 செ.மீ. உள்விட்டம், 7 செ.மீ. நீளம். பெங்களூரு மழைக்காலத்து ஈரத்தில் கீழ்ப் பலகையின் ஓரம் ஊதி, இரண்டு திருகுகள் பிடிப்பு விட்டிருந்தன. டெர்மினல் கப் அருகே காற்று கசிந்தது. கசிவைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம்: 40 ஹெர்ட்ஸ் தொனியை மிதமான ஒலியில் ஓடவிட்டு, எரியும் ஊதுபத்தியை ஒவ்வொரு மூட்டின் ஓரமாக மெல்ல நகர்த்தினால், கசியும் இடத்தில் புகைக்கோடு நடுங்கி உடையும். வூஃபரின் கோன் (அதிரும் கூம்பு) பக்கம் நெருப்பு போகக் கூடாது, அவ்வளவுதான்.

அடுத்து இம்பீடன்ஸ் அளவு, அதாவது ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் வூஃபர் மின்சாரத்துக்குக் காட்டும் தடை. வூஃபரோடு தொடராக ஒரு 100 ஓம் ரெசிஸ்டர். சவுண்ட் கார்டின் ஹெட்ஃபோன் வெளியீட்டிலிருந்து சிக்னல். ரெசிஸ்டருக்கு முன்னும் பின்னும் இருக்கும் மின்னழுத்தம் லைன்-இன்னின் இரண்டு சேனல்களுக்கு. ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளில் 10 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் (கீழிருந்து மேலே ஏறிச்செல்லும் தொனி) ஓட்டினால் வளைவு வந்துவிடும். போர்ட் உள்ள பெட்டியில் அந்த வளைவு இரண்டு மேடும் நடுவில் ஒரு பள்ளமுமாக இருக்கும். பள்ளம் விழும் இடமே பெட்டியின் டியூனிங். இங்கே மேடுகள் 25, 80 ஹெர்ட்ஸில். பள்ளம் 53 ஹெர்ட்ஸில்.

வூஃபரைக் கழற்றித் தனியாக அளந்தபோது இயல் அதிர்வெண் 38 ஹெர்ட்ஸ், க்யூ.இ.எஸ். 0.42, க்யூ.எம்.எஸ். 4.0, இரண்டும் சேர்ந்த க்யூ.டி.எஸ். 0.38. க்யூ எண்கள் கோனின் அதிர்வு மின்விசையாலும் இயந்திர உராய்வாலும் எவ்வளவு அடங்குகிறது என்று சொல்பவை. கோனின் பரப்பு 220 சதுர செ.மீ., ஒரு பக்கமாக அது ஒழுங்காக நகரக்கூடிய தூரம் 5 மி.மீ.

வி.ஏ.எஸ். என்பது கோனைப் பிடித்திருக்கும் தொங்கலுக்கு எத்தனை லிட்டர் காற்றின் மீள்தன்மை சமம் என்று சொல்லும் எண். அதை அளக்கப் பழைய பெட்டியே போதுமானது. போர்ட்டை மரக்கட்டையால் அடைத்து, கசிவுகளைக் களிமண் மாதிரியான பட்டியால் பூசி, மறுபடி அளந்தால் ஒரே மேடுதான் வரும். அது 66 ஹெர்ட்ஸில் வந்தது. 66-ஐ 38-ஆல் வகுத்து, வர்க்கமாக்கி, ஒன்றைக் கழித்து, 20 லிட்டரால் பெருக்கினால் ஏறத்தாழ 40 லிட்டர். வூஃபரோடு வந்த தாளில் 44 லிட்டர் என்று இருந்தது.

இந்த வேறுபாட்டைத் தயாரிப்பாளரின் தவறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காற்றழுத்தம் கடலோரத்தைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவு. வி.ஏ.எஸ். காற்றழுத்தத்தோடு நேராக ஏறி இறங்கும். சென்னையில் 44 காட்டும் வூஃபர் இங்கே 40 காட்டுவது இயற்கை. போர்ட்டின் டியூனிங் அப்படி மாறாது. அது ஒலியின் வேகத்தைப் பொறுத்தது, ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது, உயரத்தை அல்ல. ஆகவே கடலோர ஊரில் போட்ட கணக்கை இங்கே அப்படியே எடுத்தால் பெட்டி சற்றுப் பெரிதாகும், போர்ட் கணக்கு மட்டும் தவறாகாது.

அறையின் கணக்கு

இரு சுவர்களுக்கு நடுவே அரை அலைநீளம் பொருந்தும் அதிர்வெண்ணில் அறை தானாகவே ஒத்ததிரும். 344-ஐ இரு மடங்கு தூரத்தால் வகுத்தால் அந்த அதிர்வெண். 12 அடிக்கு, அதாவது 3.66 மீட்டருக்கு, 47 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு, அதாவது 3.05 மீட்டருக்கு, 56 ஹெர்ட்ஸ். இந்த அறையில் அகலமும் உயரமும் ஒன்று. எனவே 56 ஹெர்ட்ஸில் இரண்டு ஒத்ததிர்வுகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுகின்றன. மரச்சட்டத்தில் பலகை அடித்த சுவராக இருந்தால் கொஞ்சமாவது தாழ் ஒலியை விழுங்கும். செங்கலும் கான்கிரீட்டும் ஏறக்குறைய எதையும் விழுங்குவதில்லை.

இப்போது பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகளை இதன்மேல் வைத்துப் பாருங்கள். கீழிருந்து மேலாக 41.2, 55, 73.4, 98 ஹெர்ட்ஸ். இரண்டாம் தந்தி 55, அறையின் இரட்டை ஒத்ததிர்வு 56, பெட்டியின் டியூனிங் 53. மூன்றும் ஒரே இடத்தில் குவிந்துவிட்டன. ஜன்னல் அதிர்ந்தது அந்த ஒரு தந்திக்குத்தான்.

பழைய பெட்டியின் கணக்குப்படி, அறையைச் சேர்க்காமல், 80 ஹெர்ட்ஸில் 2 டெசிபெல் மேடு இருக்கிறது. 55-இல் 1.4 டெசிபெல் குறைவு, 41-இல் 8.7 டெசிபெல் குறைவு. அடுத்தடுத்த இரண்டு தந்திகளுக்கு இடையே 7 டெசிபெல்லுக்கு மேல் வித்தியாசம். அறை 55-ஐத் தூக்கிக் கொடுப்பதும் சேர்ந்தால் கீழ்த்தந்தி காணாமல் போவதில் வியப்பில்லை. 20 லிட்டர் இந்த வூஃபருக்குச் சிறிது. சின்னப் பெட்டியில் டியூனிங்கையும் உயர்த்தி வைத்தால் மேடும் அதன் கீழே செங்குத்தான சரிவும்தான் கிடைக்கும். கடையில் இரண்டு நிமிடம் கேட்கும்போது அந்த மேடு 'நல்ல பேஸ்' என்று காதை ஏமாற்றும்.

எத்தனை லிட்டர்

இந்த எண்களை வைத்துப் பெட்டி கணக்கிடும் முறையை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் வெளியிட்டார். எழுபதுகளின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தார். இன்றைய மென்பொருள்கள் எல்லாம் அந்த அடித்தளத்தில்தான் நிற்கின்றன. மூன்று வழிகள் கணக்கில் எடுக்கப்பட்டன.

மூடிய பெட்டி, 16 லிட்டர்: மொத்த க்யூ 0.7, ஒத்ததிர்வு 71 ஹெர்ட்ஸ். அடி சுத்தமாக விழும், கட்டுவது எளிது. ஆனால் 41 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 10 டெசிபெல் இறங்கிவிடும். அதை ஈக்வலைசரால் தூக்கலாம். 10 டெசிபெல் தூக்க ஆம்ப் பத்து மடங்கு வாட் தர வேண்டும், கோன் மும்மடங்கு நகர வேண்டும். 8 அங்குலக் கோனுக்கு அது பெரிய சுமை.

போர்ட் பெட்டி, 37 லிட்டர், 38 ஹெர்ட்ஸ்: பாடப்புத்தகக் கணக்கு தருவது இதுதான். 45 ஹெர்ட்ஸ் வரை ஏறத்தாழ சமதளம், 38-இல் 3 டெசிபெல் இறக்கம். திறந்த வெளியில் இதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை.

மூடிய கான்கிரீட் அறையில் மட்டும் இந்தச் சமதளம் தேவைக்கு அதிகம். அறை தாழ் ஒலியைத் தன் பங்குக்கு உயர்த்தும், குறிப்பாக மிகக் கீழான ஒத்ததிர்வுக்கும் அதற்குக் கீழும். ஆகவே மெதுவாகச் சரியும் வளைவே இங்கே சரியான குறி: 34 லிட்டர், 34 ஹெர்ட்ஸ். கணக்குப்படி 80-இல் 0.9, 60-இல் 1.6, 50-இல் 2.2, 40-இல் 3.6, 34-இல் 5.5 டெசிபெல் இறக்கம். 41-க்கும் 55-க்கும் வித்தியாசம் 1.6 டெசிபெல் மட்டுமே. எங்கும் மேடில்லை. இந்த வழியே எடுக்கப்பட்டது.

போர்ட்

நீளத்துக்கான சூத்திரம், செ.மீ., லிட்டர், ஹெர்ட்ஸ் அளவுகளில்: 23,562-ஐ விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி, டியூனிங்கின் வர்க்கத்தையும் கொள்ளளவையும் பெருக்கிய தொகையால் வகுத்து, அதிலிருந்து விட்டத்தின் 0.73 மடங்கைக் கழிக்க வேண்டும். 75 மி.மீ. பி.வி.சி. குழாயின் உள்விட்டம் இங்கே 70 மி.மீ.; குழாயின் தடிமனுக்கேற்ப இது மாறும் என்பதால் கடையிலேயே அளந்து வாங்க வேண்டும். 29.4 கழித்தல் 5.1, நீளம் 24.3 செ.மீ.

ஏன் 5 செ.மீ. குழாய் போதாது? பெட்டியிலிருந்து ஒரு மீட்டரில் 34 ஹெர்ட்ஸ், 95 டெசிபெல் வேண்டுமானால் 7 செ.மீ. போர்ட்டில் காற்றின் உச்ச வேகம் நொடிக்குச் சுமார் 11 மீட்டர். 17 மீட்டருக்குள் இருந்தால் நல்லது என்பது நடைமுறை வரம்பு. அதே ஒலிக்கு 5 செ.மீ. குழாயில் வேகம் இரட்டிப்பாகி 22-ஐத் தாண்டும். 'புஸ் புஸ்' என்ற காற்றுச் சத்தம் பாட்டோடு கலக்கும். 10 செ.மீ. குழாய் இன்னும் நல்லதுதான், ஆனால் அதற்கு நீளம் 50 செ.மீ.-ஐத் தாண்டி, எல்போ போட்டு மடக்க வேண்டியிருக்கும். இந்த வீட்டின் ஒலியளவுக்கு 7 செ.மீ. தாங்கும். 100 டெசிபெல் கேட்பவருக்கு வேகம் 20-ஐத் தொடும். அவருக்கு இந்தப் பெட்டி ஏற்றதல்ல.

குழாயின் இரு வாய்களும் விரிந்திருக்க வேண்டும். கூர்மையான விளிம்பில்தான் காற்று கிழிபடுகிறது. ஹீட் கன்னால் குழாயின் முனையைச் சுற்றிச் சுற்றிச் சூடாக்கி, மென்மையானதும் அடி உருண்ட எவர்சில்வர் கிண்ணத்தின்மேல் அழுத்தி, ஈரத்துணியால் ஆறவைத்தால் 10 மி.மீ. ஆரத்தில் விரிவு கிடைக்கும். கருகவிடக் கூடாது; பி.வி.சி. புகை நுரையீரலுக்குக் கெடுதல், மொட்டைமாடியில் செய்வதே சரி. விரிவு டியூனிங்கைச் சிறிது உயர்த்தும் என்பதால், முன்பக்க வாயை மட்டும் முதலில் விரித்து, குழாயை 26 செ.மீ. விட்டு, அளந்து வெட்டி, உள்வாயைக் கடைசியில் விரிக்க வேண்டும்.

பலகை

மொத்த உட்கொள்ளளவில் வூஃபர் 1.2 லிட்டர், குழாய் 1.0, ஜன்னல் போல நடுவில் வெட்டிய தாங்கல் 0.85, குறுக்குக் கட்டை 0.3, மூலைப்பட்டிகள் 0.25 லிட்டர் எடுத்துக்கொள்ளும். 34-ஓடு இவை சேர 37.6. உள்ளளவு 25 செ.மீ. அகலம், 47 உயரம், 32 ஆழம். மூன்றில் எதுவும் மற்றொன்றின் நேர் மடங்காக இல்லாதது வேண்டுமென்றே செய்தது. 24, 48 என்று வைத்தால் பெட்டிக்குள் நிற்கும் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்.

18 மி.மீ. தடிமனில், ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரத்து மரைன் ப்ளைவுட். வெட்டும் பட்டியல்: மேல், கீழ்ப் பலகைகள் 28.6 × 35.6 செ.மீ. இரண்டு, பக்கங்கள் 35.6 × 47 இரண்டு. முன், பின் 25 × 47 இரண்டு. தாங்கலுக்கு 25 × 32 ஒன்று. 8 × 4 ஷீட்டில் பாதிகூடத் தேவையில்லை. மைசூர் ரோடு டிம்பர் யார்டு பக்கத்துக் கடைகளில் பேனல் ஸா வைத்து வெட்டித் தரச் சொல்வது நல்லது. கைவாளில் ஒரு மி.மீ. கோணல் விழுந்தால் அந்த இடத்தில் கசிவுதான்.

தாங்கலின் நடுவில் 15 × 22 செ.மீ. வெட்டியெடுத்து, சுற்றிலும் 5 செ.மீ. சட்டம் மட்டும் விட வேண்டும். அதைச் சரிபாதியில் வைக்கக் கூடாது. உள்ளே மேலிருந்து 28, கீழிருந்து 19 செ.மீ. என்ற இடத்தில் வைத்தால் இரு பகுதிகளும் வேறு வேறு அதிர்வெண்ணில் அதிரும், ஒன்றையொன்று வளர்க்காது. வூஃபரின் மையம் மேலிருந்து 14 செ.மீ., போர்ட்டின் மையம் கீழிருந்து 8 செ.மீ. வூஃபர் துளை 185 மி.மீ. என்றாலும், கையிலிருக்கும் வூஃபரை அளந்த பிறகே வெட்ட வேண்டும். குழாயின் உள்வாய்க்கும் பின் பலகைக்கும் இடையே குறைந்தது ஒரு விட்டம், அதாவது 7 செ.மீ., இடைவெளி அவசியம். இங்கே 9 செ.மீ.-க்கு மேல் கிடைக்கிறது.

மூட்டுகளுக்கு ஃபெவிகால், 40 மி.மீ. திருகு 12 செ.மீ.-க்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் 2.5 மி.மீ. முன்துளை. ஆசாரிகள் பலர் பிரேம் வேலைப் பழக்கத்தில் ஆணியடித்து முடித்துவிடுவார்கள். அதிர்வில் ஆணி தளரும், தச்சுவேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இது நடக்கும். பின் பலகை கழற்றக்கூடியதாக வேண்டாம். எல்லாவற்றையும் வூஃபர் துளை வழியாகவே செய்துவிடலாம்: ஒரு நாள் காய்ந்தபின் உள்மூட்டுகள் அனைத்திலும் ஃபெவிகாலும் மரத்தூளும் குழைத்த பசையை விரலால் தேய்க்க வேண்டும். வூஃபர் விளிம்புக்கு 3 மி.மீ. ரப்பர் நுரைப்பட்டி, பிடிக்க எம்5 போல்ட்டும் டீ-நட்டும். மரத்திருகை நாலு தடவை கழற்றி மாட்டினால் துளை தின்றுவிடும், இந்த வேலையில் வூஃபரை நாலு தடவைக்கு மேல் கழற்றத்தான் வேண்டியிருக்கும். பக்கப் பலகைகளின் உள்ளே, ஜே.சி. ரோட்டில் கார் கதவுக்கு ஒட்ட விற்கும் பிட்யூமன் ஷீட் ஒரு துண்டு ஒட்டினால் பலகையின் அதிர்வு இன்னும் அடங்கும்.

முதல் அளவீடு

கட்டி முடித்ததும் இம்பீடன்ஸ் வளைவில் இரண்டு மேடுகளும் குட்டையாகவும் சமமில்லாமலும், பள்ளம் எங்கே என்று தெரியாத அளவுக்கு மழுங்கியும் வந்தன. கசிவாக இருக்கலாம் என்று ஊதுபத்திச் சோதனை செய்ததில் மூட்டுகள் சுத்தம். காரணம் உள்ளே போட்ட தலையணைப் பஞ்சு. போர்ட் பெட்டியில் பாலியெஸ்டர் பஞ்சு சுவரை ஒட்டி 25 மி.மீ. தடிமனில், பின், ஒரு பக்கம், மேல் ஆகிய மூன்று முகங்களில் இருந்தால் போதும். இங்கே அது தளர்ந்து சரிந்து, குழாயின் உள்வாயை மூடியிருந்தது. போர்ட் வழியே போகவேண்டிய காற்றைப் பஞ்சு உராய்ந்து தின்றுவிட்டது. பஞ்சைக் கொசுவலைத் துணியால் மூடி ஸ்டேப்ளர் அடித்து, உள்வாயைச் சுற்றி 10 செ.மீ. வெறுமையாக விட்டபின் வளைவு நிமிர்ந்தது: பள்ளம் 33 ஹெர்ட்ஸ். 26 செ.மீ. குழாய்க்குக் கணக்கு சொன்னதும் 33-தான். 24.5 செ.மீ.-க்கு வெட்டி, உள்வாயையும் விரித்தபின் 34-ஐ ஒட்டி நின்றது. மேடுகள் 21, 62 ஹெர்ட்ஸில், கணக்கோடு பொருந்தி.

அளக்காமல் காதை மட்டும் நம்பியிருந்தால் இந்தப் பஞ்சுக் கோளாறு 'புதுப் பெட்டி கொஞ்சம் சாதுவா இருக்கு' என்ற அளவில் நின்றிருக்கும். சூத்திரம் எவ்வளவு சரியாக இருந்தாலும் பள்ளத்தைக் கண்ணால் பார்க்கும்வரை பெட்டி முடிந்ததாகக் கொள்ளக் கூடாது.

ஆம்பில் செய்தவை

60 வாட் க்ளாஸ்-டி ஆம்புக்கு முன்னால் ஏடிஏயூ1701 சிப் உள்ள சிறிய டி.எஸ்.பி. போர்டு, அதாவது ஒலியை டிஜிட்டல் முறையில் திருத்தும் போர்டு. 110 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டு, ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு படிக்கும், 24 டெசிபெல். அதைவிட முக்கியம் 25 ஹெர்ட்ஸுக்குக் கீழான வெட்டு. டியூனிங்குக்குக் கீழே போகும்போது போர்ட் காற்றை எளிதாக வெளியே விட்டுவிடுவதால் கோனைத் தாங்கிப் பிடிக்கப் பெட்டிக்குள் அழுத்தம் இருக்காது. கேட்காத 15 ஹெர்ட்ஸ் சிக்னலுக்கும் கோன் எல்லை தாண்டி நகர்ந்து, அதை இயக்கும் கம்பிச்சுருளான 'வாய்ஸ் காயில்' அடிபடும். போர்ட் பெட்டியில் வூஃபர் எரிந்து மட்டுமல்ல, இப்படி அடிபட்டும் சாகும். இந்த வெட்டு இல்லாமல் போர்ட் பெட்டியை யாரும் ஓட்டக் கூடாது.

இடம்

புதுப் பெட்டியை அதே மூலையில் வைத்தால் பாதி வேலை வீண். மூலை என்பது எல்லா ஒத்ததிர்வுகளும் உச்சத்தில் இருக்கும் இடம். 10 அடி அகலச் சுவரின் சரிநடுவில், தரையில் வைத்தால், அகலத்தின் முதல் ஒத்ததிர்வுக்கு அது பூஜ்ய இடம். பெட்டி அதைத் தூண்டவே முடியாது. உயரத்தின் 56 ஹெர்ட்ஸ் தரையிலிருந்து தூண்டப்படத்தான் செய்யும். ஆனால் உட்கார்ந்தவரின் காது 1.1 மீட்டர் உயரத்தில், அறையின் பாதி உயரத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே அது 7 டெசிபெல்லுக்கு மேல் தணிந்துவிடும். சோபா பின்சுவரோடு ஒட்டியிருந்தது, 60 செ.மீ. முன்னால் இழுத்ததில் 47 ஹெர்ட்ஸின் அழுத்தமும் குறைந்தது.

அளவீட்டு மைக்கைக் காதிருக்கும் இடத்தில் வைத்துப் பார்த்தபோது, முன்பு 41-க்கும் 56-க்கும் இடையே 14 டெசிபெல் இருந்த வித்தியாசம் 5-க்கு இறங்கியிருந்தது. மீதிக்கு டி.எஸ்.பி.யில் 56 ஹெர்ட்ஸில் 3 டெசிபெல் குறுகிய வெட்டு ஒன்று. மேட்டை வெட்டலாம், அறை விழுங்கும் பள்ளத்தை ஈக்வலைசரால் நிரப்ப முயலக் கூடாது, கொடுக்கும் வாட் முழுவதும் அங்கே அறையே தனக்குத்தானே அழித்துக்கொள்ளும். தொலைபேசி மைக்கில் இந்த அளவை எடுக்கவும் வேண்டாம், பெரும்பாலானவை இந்த அதிர்வெண்களில் நம்பத் தக்கவை அல்ல.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது மட்டும் முழுதாக நிற்கவில்லை. 30 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஸ்வீப் ஓட்டி, சத்தம் வரும் நொடியில் நிறுத்தி, அறையில் ஒவ்வொன்றாகக் கைவைத்துப் பார்த்ததில் இரண்டு இடங்கள் தெரிந்தன: கண்ணாடியைப் பிடிக்கும் பட்டி காய்ந்து உதிர்ந்த ஒரு சட்டம், பீரோவின் மேல் அடுக்கியிருந்த எவர்சில்வர் பாத்திரங்கள். சட்டத்துக்கு சிலிக்கான் பூசியாகிவிட்டது; பாத்திரங்கள் சமையலறைக்குப் போயின.